சிவசைலம் சார் பேசாத மாதங்கள்

சிவசைலம் சாரின் குரலைப் பற்றி, பாளையங்கோட்டையில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அவர் ஒன்பதாம் வகுப்பில் பிளாசிப் போரை நடத்தினால், மதிலுக்கு வெளியே நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டு நிற்பவனுக்கும் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துவிடுமாம். இருபது வருஷத்துக்கு மேலாக வரலாறும் புவியியலும் எடுத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைத் தொடமாட்டார். கரும்பலகைக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசுவார். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்தினால் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள், எங்கே சிரிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் வகுப்பில் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வேலை கேட்பது. அதற்கு மேல் அவர்களுக்கு ஒரு வேலை இருக்கலாம் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

வீட்டில் கேட்க ஆளில்லை. மனைவி ஞானம்பாள், மகள் அனுராதாவின் பிரசவத்துக்கென்று பம்பாய்க்குப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ‘இந்த ஒரு வருஷம் மட்டும்’ என்று சொல்லிச் சொல்லி வருஷங்கள் ஓடின. சார் முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் தானே சோறு பொங்கி, தானே துணி துவைத்து இருந்தார். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து, வீட்டுப் பூட்டைத் திறந்த பிறகு மறுநாள் காலை வரை வாயைத் திறக்கத் தேவை இருக்காது. அதில் பெரிய குறையும் அவருக்குத் தெரியவில்லை. பேச வேண்டியதைப் பேசுவதற்குத்தான் வகுப்பு இருந்ததே.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆவணி மாதத்தில், சவரம் செய்துகொள்ளும்போது கழுத்தில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. டாக்டர் அமுக்கிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, தைராய்டு கட்டி, பயப்படும்படியானது இல்லை, ஆனால் எடுத்துவிடுவது நல்லது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“சார், பேச்சுக்கான நரம்பு அதை ஒட்டியே போகுது. எடுக்கும்போது எவ்வளவு பதனமா இருந்தாலும் அது சோர்ந்து போகலாம். பெரும்பாலும் சில மாசத்துல திரும்பிரும். சில பேருக்குத் திரும்பாமலும் போகும். முன்கூட்டியே சொல்லிரணும் பாருங்க.”

சார் வீட்டுக்கு வந்து நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உயிரைப் பற்றிய பயம் இல்லை. தனக்குப் பதிலாக யாராவது வந்து, புத்தகத்தை வரிவரியாக வாசித்துத் தன் பாடத்தைக் கெடுத்துவிடுவார்களே என்பதுதான் மனசை அறுத்தது. காலாண்டு விடுமுறை விட்டதும் கடைக்குப் போய் ஒரு பெட்டி நிறைய வெற்றுக் கேசட் வாங்கிவந்தார். மருமகன் எப்போதோ வாங்கிக் கொடுத்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் ஒன்று வீட்டில் இருந்தது. டவுன் பஸ் ஹாரன் விழாமல் இருக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, பின்கட்டு அறையில் அதன் முன்னால் நின்றுகொண்டு, அந்த வருஷத்தில் பாக்கியிருந்த பாடங்களையெல்லாம் நடத்தி முடித்தார். வியர்த்துக் கொட்டியது. சிரிக்க வேண்டிய இடங்களில், பிள்ளைகள் சிரித்து முடிக்கட்டும் என்று வழக்கம்போல நிறுத்தி, அப்புறம் தொடர்ந்தார்.

அறுவைச் சிகிச்சைக்கு ஞானம்பாள் வந்திருந்தாள். மயக்கம் தெளிந்து அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது காற்று மட்டும் வந்தது. மறுநாளும் காற்றுதான். தையல் பிரிக்கும்போதும் காற்றுதான். அவள் தீபாவளி வரைக்கும் இருந்து, கஞ்சியும் ரசமுமாக வைத்துக்கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டு ரயிலேறினாள். ஜங்ஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நீங்க ஒரு வார்த்தை இருன்னு சொன்னா இருந்திருவேன்” என்றாள். சார் சிரித்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். வண்டி புறப்பட்டுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் தாணுமாலையன் அவரைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, “அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பத்தாங்கிளாஸ் பொதுத்தேர்வு. அதை வேற ஆளுகிட்ட கொடுத்திட்டேன். ஒன்பதை மட்டும் வச்சுக்கிடுங்க. கேசட்டுல பேசி வச்சிருக்கியள்லா, அதைப் போட்டு விடுங்க. குரல் வந்ததும் பாத்துக்கிடுவோம்” என்றார். சார் தலையை ஆட்டினார். வேறென்ன செய்ய முடியும்?

முதல் நாள் கேசட்டைப் போட்டதும் ஒன்பதாம் வகுப்பு வாயைப் பிளந்தது. சார் மேசைக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். சாருடைய குரல் பெட்டியிலிருந்து கணீரென்று வருகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆச்சரியம் தீர்ந்துபோயிற்று. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. நோட்டில் எழுதுகிறவர்களுக்கு வேகம் போதவில்லை. சிரிப்புக்கு விட்ட இடைவெளியில் யாரும் சிரிக்கவில்லை. பின்கட்டு அறை ஜன்னலில் கத்திய ஒரு காக்கையின் சத்தம்தான் வந்தது. அதற்கு வகுப்பே சிரித்தது.

ஆவுடைத்தாய் என்ற பெண் எழுந்தாள். எதையும் பைய யோசித்துத்தான் புரிந்துகொள்கிறவள். வகுப்பில் அதுவரை அவள் குரலை அவர் அதிகம் கேட்டதில்லை.

“சார், கொஞ்சம் பின்னால ஓட்டிப் போடுங்களேன். எனக்கு வெளங்கல.”

“ஏட்டி, ஒனக்காவ எல்லாரும் ரெண்டு மட்டம் கேக்கணுமா?” என்று பக்கத்திலிருந்தவள் அலுத்துக்கொண்டாள். இரண்டு பையன்கள், முன்னால் ஓட்டினால் போதும் என்றார்கள். சத்தம் பெருகியது. வழக்கமாக ஒரு அதட்டலில் அடக்கிவிடுவார். வாயைத் திறந்தார், காற்று வந்தது. யாரும் கவனிக்கக்கூட இல்லை. எழுந்துபோய்ச் சாக்கட்டியை எடுத்து, கோபத்தோடு, பலகை நிறைய எழுதினார்: ‘எப்படிக் கேட்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.’

கோபத்தில் எழுதியதைப் பிள்ளைகள் அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளே மதார் என்ற பையன், சவூதியிலிருந்து அவன் அண்ணன் கொண்டுவந்த டேப் பெட்டியைத் துணிப்பையில் தூக்கிவந்தான். ஆண்டுவிழாவுக்கு மட்டும் வெளியே வருகிற பள்ளிக்கூடத்துப் பெட்டியை யாரோ அலுவலகத்தில் கேட்டு வாங்கி வந்தார்கள். சாருடையதோடு சேர்த்து மூன்று. வகுப்பு மூன்றாகப் பிரிந்தது. ஒரு கூட்டம் வேப்பமரத்தடிக்குப் போயிற்று, ஒன்று வராந்தாவுக்கு, ஒன்று வகுப்பிலேயே. நினைத்த இடத்தில் நிறுத்தினார்கள், திருப்பினார்கள், சண்டை போட்டார்கள், புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள். பெட்டியில் ஓடும் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, “வரி வசூல் எங்கன வருது? காக்காவுக்கு அடுத்தாப்லயா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

சார் ஒவ்வொரு கூட்டமாகப் போய் நின்று பார்த்தார். அப்போதுதான் அது அவருக்குத் தெரியவந்தது. அவருடைய கதைகளைப் பிள்ளைகள் கேட்காமல் முன்னால் ஓட்டிவிட்டார்கள். குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, மறுபடி உயர்த்தி, இருபது வருஷமாக இழைத்து இழைத்து வைத்திருந்த இடங்கள் வந்தால், மதாரின் விரல் பொத்தானுக்குப் போனது. அவருடைய குரல் எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டு ஓடி, வேறொரு இடத்தில் நின்றது. ஆவுடைத்தாய் திரும்பத் திரும்பக் கேட்டது, அவர் போகிற போக்கில் சொல்லியிருந்த ஒரு சின்ன வாக்கியத்தை: தண்ணீர் வரத்து மாறினால் ஊர்கள் ஏன் இடம் மாறுகின்றன என்பதை. அதை அவர் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரத்தில் சொல்லியிருந்தார்.

வேப்பமரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியும். அதற்காக அவர்கள் நிறுத்தவில்லை. மரியாதைக் குறைவாகவும் அவர்களுக்கு அது படவில்லை. பாடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். வாரத்துக்கு ஒரு தடவை போவது வழக்கம். பூத் வைத்திருந்த அப்பாத்துரை நல்ல மனுஷன். சாருக்குப் பேச முடியாமல் போனதிலிருந்து அவனே நடுவில் இருந்து பேசுவான். ஞானம்பாள் அங்கிருந்து கேட்பாள், அவன் ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “சார்வாள், ராத்திரிக்கு என்ன சாப்பிட்டியன்னு மதினி கேக்காவ” என்பான். சார் கையால் காட்டுவார். “இட்லிங்காரு மதினி. இல்ல இல்ல, தோசையாம்.” பூத்துக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

“மனசுக்கு எப்பிடி இருக்காருன்னு கேளு” என்றாள் ஞானம்பாள். அது சாருக்கே காதில் விழுந்தது.

அப்பாத்துரை அவர் முகத்தைப் பார்த்தான். நீ வந்துவிடு என்பதைக் கையால் எப்படிக் காட்டுவது என்று சாருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், அப்பாத்துரைக்கு முன்னால் காட்டியிருக்க மாட்டார். கட்டைவிரலை உயர்த்தினார்.

“நல்லா இருக்காராம் மதினி” என்றான் அப்பாத்துரை.

கார்த்திகை பாதி போயிற்று. சார் வகுப்பில் ஒரு வழக்கத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார். காலையில் வந்ததும் பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதுவார். விடையை எப்படித் தேடுகிறார்கள் என்பது அவர்கள் பாடு. கேசட்டில் தேடினார்கள், நூலகத்தில் தேடினார்கள், ஒருவரையொருவர் கேட்டார்கள். அவரிடம் வந்து கேட்பது குறைந்துபோயிற்று. அவர் எழுதிக் காட்ட நேரமாகும். அதற்குள் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியபோது அவருக்கு ஒரே குழப்பமாக இருந்தது. எப்போதும் எல்லாத் தாளிலும் தன் வாக்கியங்களையே படித்துப் பழகியவர். இந்தத் தடவை ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு விதமாக இருந்தது. சிலது தப்பு. தப்பும்கூட அவர்களுடையதாகவே இருந்தது. மதிப்பெண் போன வருஷத்தைவிடக் கூடத்தான் வந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. விடைத்தாள்களைக் கட்டி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ரேடியோவில் விவசாயச் செய்தி ஓடுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை யூனிஸ் என்ற பெண் ஒரு கேசட்டோடு மேசைக்கு வந்தாள். அவளுடைய அம்மாவுக்குச் சொந்த ஊர் உவரி; கடலைப் பற்றி யார் பேசினாலும் அவளுக்குக் காது நீளும்.

“சார், எங்களுக்கு வேற கேசட்டு இல்ல. இதுல கொற்கைப் பாடத்தோட பின்பாதியை அழிச்சுட்டு அதுல பதிஞ்சுக்கிடட்டுமா?”

எதைப் பதியப் போகிறாய் என்று கேட்க வேண்டுமானால் தாளும் பேனாவும் தேட வேண்டும். அவள் நின்றுகொண்டிருந்தாள். சார் ஒரு நிமிஷம் கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த தாளில் அவருடைய கையெழுத்து. டாக்டர் சொன்ன சில மாதத்தில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. குரலுக்கான அறிகுறியே இல்லை. இந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான் மிச்சமோ என்று சில நாட்களாக ஒரு எண்ணம் வந்து வந்து போனது. தலையை ஆட்டி, கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் மூன்று கூட்டமும் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. யூனிஸ் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

“சார், நாங்க கொற்கைக்குப் போயிட்டு வந்தோம். கேளுங்க” என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினாள்.

முதலில் அவருடைய குரல் வந்தது. பாண்டியர்களின் துறைமுகம். முத்துக் குவியல். யவனக் கப்பல்கள். குரல் மெல்லத் தாழ்ந்தது. “இன்றைக்கும் கொற்கைக் கரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டால், அந்தப் பழைய அலையோசை நம் காதில்...”

டக்கென்று ஒரு சத்தம். குரல் அறுந்தது. அந்த இடத்தில் காற்று வீசியது. ஆட்டுக் கழுத்து மணி. வாத்துகள். அப்புறம் மதாரின் குரல்: “இது கொற்கை. நாங்க நல்லாக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கோம். அலைச்சத்தம் கேக்கல.” யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஒரு வயதான பெண்குரல்: “கடலா? இங்கன ஏதுய்யா கடலு? அது எந்தக் காலத்துலயோ கெழக்க போயிட்டு. ஆறு மண்ணக் கொண்டாந்து கொட்டிக் கொட்டி ஊரையே உள்ளாற தள்ளிட்டு. வீடு கட்ட வானம் தோண்டுனா சங்குதான் வரும்.”

சாருக்குக் காது சூடாகிவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வழியாக ஏரல் போய், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கொற்கை. அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. எந்தப் புத்தகத்திலும் அலையோசை இல்லை. ஒரு நாள் வகுப்பில் வாயில் வந்தது, பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள், அதிலிருந்து வருஷந்தோறும் சொல்லிவந்தார். இப்போது எல்லாரும் திரும்பித் தன்னைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆறு மண்ணைக் கொண்டாந்து கொட்டுதுன்னா, இப்பவும் கொட்டிக்கிட்டுத்தான இருக்கும்?” என்று ஆவுடைத்தாய் கேட்டாள். “அப்ப கடல் இன்னும் போகுமா?”

“இப்பத்தான் பாபநாசத்துல அணை இருக்கே. மண்ணு அங்கனயே நின்னுரும்லா” என்றான் ஒருவன்.

“அப்ப கடல் திரும்பி வருமா?” என்று யூனிஸ் கேட்க, வகுப்பு அதைப் பிடித்துக்கொண்டது. வரைபடத்தை இறக்கினார்கள். இரண்டு பேர் நூலகத்துக்கு ஓடினார்கள். அவருடைய தப்பு அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அது தப்பு என்று தெரிந்துவிட்டது, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். சார் எழுந்து கடைசி வரிசைக்குப் போய், காலியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்க்கும்போது எல்லாருடைய முதுகும்தான் தெரிந்தது.

மறுநாள் ஆவுடைத்தாயின் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பொம்பளைப் பிள்ளைகளை வாத்தியார் துணையில்லாமல் ஊர் ஊராய் அனுப்புவதுதான் படிப்பா என்று தலைமையாசிரியர் அறையில் சத்தம் போட்டார். அவர் போன பிறகு தாணுமாலையன் சாரைக் கூப்பிட்டனுப்பினார்.

“அண்ணாச்சி, நீங்களா அனுப்புனீங்க?”

சார் தாளில் எழுதினார்: ‘இல்லை. எனக்குத் தெரியாது. அவர்களாகவே போனார்கள்.’

“தெரியாதுன்னா அது அதைவிட மோசம்லா அண்ணாச்சி? பஸ்ஸுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்லுதது? நாளையில இருந்து பெட்டியெல்லாம் வீட்டுல இருக்கட்டும். ஒன்பதாம் கிளாசுக்கும் வேற ஆளைப் போடுதேன். நீங்க நூலகத்தைப் பாத்துக்கிடுங்க.”

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. சார் மறுபடி பேனாவை எடுத்து, ‘போனது தப்பு. தேடியது தப்பில்லை’ என்று எழுதினார். இன்னும் எழுத நிறைய இருந்தது. குரல் இருந்திருந்தால் ஒரு மணி நேரம் பேசி தாணுமாலையனை இளக்கியிருப்பார். இப்போது அந்த இரண்டு வரியோடு பேனாவை மூடிவிட்டார். தாணுமாலையன் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார்.

சார் வராந்தாவுக்கு வந்தபோது ஒன்பதாம் வகுப்பே அங்கே நின்றது. அவரைத் தாண்டி உள்ளே போயிற்று. அவர் தூண் பக்கம் ஒதுங்கி நின்றார்.

“உங்க சாரைக் கூட்டிட்டு வாங்க, பேசுவோம்” என்று தலைமையாசிரியர் சொல்வது கேட்டது.

“சாருக்குத் தொண்டை சரியில்லல்லா சார். நாங்களே பேசுதோம்” என்றான் மதார்.

அப்புறம் பேசியது ஆவுடைத்தாய். சொல்லாமல் போனது தப்புதான், அப்பாவிடம் ராத்திரியே மன்னிப்புக் கேட்டாச்சு, இனி எங்கே போனாலும் வீட்டில் கையெழுத்து வாங்கி, துணைக்கு ஒரு பெரியவரோடுதான் போவோம், ஆனால் பெட்டியைப் பிடுங்க வேண்டாம் என்றாள். பைய, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள். “சார் பேசும்போது எனக்குப் பாடம் முழுக்க வெளங்குன மாதிரியே இருக்கும் சார். வீட்டுக்குப் போனா ஒண்ணும் இருக்காது. இப்ப இருக்கு.”

தூணருகே நின்ற சாருக்கு இரண்டும் கேட்டது. முதல் பாதியும், பின் பாதியும்.

பெட்டியும் இருக்கட்டும், வகுப்பும் சாரிடமே இருக்கட்டும் என்று தாணுமாலையன் ஒத்துக்கொண்டார். பிள்ளைகள் கூச்சலோடு வெளியே வந்தார்கள். ஜெயித்த சந்தோஷத்தில், தூணருகே ஒருவர் நிற்பதைப் பார்க்காமலே படியிறங்கிப் போய்விட்டார்கள்.

மாசி பிறந்த சமயம், ஒரு காலையில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. “ஐயையோ” என்றார் சார். சொன்ன பிறகுதான் சத்தம் வந்தது உறைத்தது. கரகரவென்று, தகரத்தை இழுப்பதுபோல ஒரு சத்தம். மறுபடி சொல்லிப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் நடந்தபடி, பிள்ளைகளின் வருகைப் பதிவை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தார். வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. சொல்ல ஆளில்லாததால் சட்டையை மாட்டிக்கொண்டு பூத்துக்கு ஓடினார். அப்பாத்துரையைக் கையமர்த்திவிட்டுத் தானே ரிசீவரைப் பிடித்தார்.

“ஞானம்.”

“யாரு பேசுதது? அப்பாத்துரையா?”

“நான்தான்.”

“நான்தான்னா யாருங்க?” என்றாள். முப்பது வருஷம் கேட்ட குரல் இல்லை அது. அவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழுதாள், சிரித்தாள், பேத்தியைக் கூப்பிட்டுத் தாத்தா பேசுகிறார் பார் என்றாள். குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து ஓடியது. கடைசியில் சார், இத்தனை மாதமாக வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார்.

“நீ வந்திரு.”

“வாரேங்க. பேத்தியைப் பள்ளிக்கூடம் சேக்கிற சமயம், அனுராதாவுக்கும் இப்ப லீவு கெடைக்காது. ஒரு வருஷம் மட்டும் பொறுத்துக்கிடுங்க.”

“சரி” என்றார். குரல் கரகரப்பாக இருந்ததால், அதில் வேறு எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

அன்று வகுப்பில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. கை தட்டினார்கள். சார் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார், பேசினார். எல்லாரும் நேராக உட்கார்ந்து கேட்டார்கள். கொஞ்ச நேரம் ஆனதும் அவருக்கு ஒன்று தெரிந்தது. அவர்கள் அவருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி வீட்டுக்கு வந்தால் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்களே, அப்படி. யூனிஸின் கை மேசைக்கடியில் கேசட் உறையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

சார் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். “போதும். உங்க வேலையைப் பாருங்க” என்றார்.

ஒரு நொடி தயங்கினார்கள். பிறகு பெஞ்சுகள் இழுபடும் சத்தம், பெட்டிகளைத் தூக்கும் சத்தம். சார் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து மதார் வந்து, “சார், இங்கன ஒரு நிமிஷம் வாங்களேன். எங்களுக்குள்ள ஒத்துவரல” என்று கூப்பிட்டான். போய்க் கேட்டார். அவருக்கும் விடை தெரியாத கேள்வி. “தெரியலய்யா. கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க” என்றார். இருபது வருஷத்தில் வகுப்பில் அவர் சொல்லாத வாக்கியம் அது. பிள்ளைகள் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிற வரைக்கும் அவர் அப்படியேதான் நடத்தினார். கேள்வி எழுதுவார், பெட்டிகளைக் கொடுப்பார், ஒதுங்கிக்கொள்வார். சிவசைலத்துக்கு முன்னைப்போல முடியவில்லை, பிள்ளைகளை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுத்துச் சொல்லவில்லை. பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பழைய முகங்களை அவர் தேடாமலும் இல்லை. சில நாள் மழைக்காகக் கதவைச் சாத்தும்போது, ஒரு கதை சொன்னால் என்ன என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவார். ஞானம்பாள் சொன்ன ஒரு வருஷம் முடிந்து, இன்னொன்றும் முடிந்தது.

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு மத்தியானம், பாளை பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கல்லூரிப் பெண்கள் சிலர் வந்தார்கள். அதில் ஒருத்தி, “சார்!” என்று ஓடிவந்தாள். யூனிஸ். நிலவியல் படிப்பதாகச் சொன்னாள். கடலோர மணலைப் பற்றி ஏதோ ஆராய்ச்சியாம். அவர் கேட்காமலே விவரமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவருக்கு முக்கால்வாசி புரியவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார். தோழிகளிடம் திரும்பி, “இவங்கதான் எங்க ஒன்பதாங்கிளாஸ் சார்” என்றாள்.

“நல்லாப் பாடம் எடுப்பாங்களா?” என்று ஒருத்தி கேட்டாள்.

யூனிஸ் யோசித்தாள். “சார் பாடம் எடுத்தது எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லட்டி. நாங்களேதான் படிச்சோம்” என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. பிறகு பஸ் வந்துவிட்டது. “வாரேன் சார், உடம்பைப் பாத்துக்கிடுங்க” என்று படியில் தொற்றிக்கொண்டு கையை ஆட்டினாள்.

சாரும் கையை ஆட்டினார். இதைவிட நல்ல சொல் தன்னைப் பற்றி யாரும் சொல்லியதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் நின்றவர் முகம் தெரியாதவர். கையில் காய்கறிப் பையோடு பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரும் அந்தத் திசையையே பார்த்தார். முருகன்குறிச்சி வழியாகப் போகும் வண்டி கூட்டமாக வந்தது. அதை விட்டுவிட்டு, வெயிலில் மெல்ல நடந்தே வீட்டுக்குப் போனார்.